கை இறக்கத்துக்குத் துணி பத்தாது

அந்த மூட்டையைக் கொஞ்சம் உங்க பக்கமாத் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி. ஒண்ணும் செய்யாது, துணிதான். பஸ் திருநெல்வேலி போய்ச் சேருத வரைக்கும் காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டாலும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்லா மிதிங்க. ஆனா வாயைக் கட்டியிருக்குல்லா ஒரு மஞ்சத் துணி, அதை மட்டும் அவுத்துராதீங்க. அது அவுந்துச்சுன்னா எனக்குத்தான் வீட்ல வம்பு.

என்ன அப்படிப் பாக்கீங்க, மெத்தையான்னா? மெத்தையா இருந்தாலும் ஒரு மதிப்பு உண்டே. போர்வை. ஒட்டுப் போர்வை. ஆறு முழ நீளம், ஆறு முழ அகலம், ஒரு குடும்பமே உள்ள படுக்கலாம். நம்ம ஆலங்குளத்து வெக்கையில ராத்திரி துண்டைக்கூட உதறிப் போட்டுட்டுத் தரையில உருளுதோம், இதுல போர்வை ஒரு கேடு. சரி, அழகா இருந்தாலாவது கண்ணுக்கு ஆகும்னு வைங்க. சாணி நிறம், துருப் புடிச்ச தகர நிறம், பித்த வாந்தி நிறம், அழுகுன பப்பாளி நிறம். இதைத் திருநெல்வேலில ஜில்லாக் கண்காட்சிக்கு எடுத்திருக்காவளாம். கொண்டுபோய்ச் சேக்க வேண்டியது யாரு? நான். ஊருக்குள்ள போன என் மானத்தை நானே மூட்டை கட்டி ஜில்லாவுக்குக் காட்டக் கொண்டு போறேன். இப்படி ஒரு கெதி எந்த டெய்லருக்கும் வரக் கூடாது.

நயினார் லேடீஸ் டெய்லர்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால, பச்சைக் கதவு. கேள்விப்பட்டதில்லையா? நீங்க மாறாந்தையா, சரி சரி. உங்க வீட்ல கேட்டுப் பாருங்க, தெரியும். முப்பத்தோரு வருசம் அண்ணாச்சி. கடை வாசல்ல போர்டு வச்சிருக்கேன், பழைய துணி, ஒட்டுத் துணி தைக்கப்படமாட்டாதுன்னு. சும்மா எழுதினது இல்ல அது. சின்ன வயசுல நான் ஒட்டுப் போட்ட டவுசர்தான் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போவேன். பின்னால ரெண்டு பக்கமும் ரெண்டு ஒட்டு. தபால்பெட்டி, தபால்பெட்டின்னு பின்னாலயே ஓடி வருவானுவ. லெட்டர் போடுத மாதிரி விரலை விடுவானுவ. அன்னைக்கு முடிவு பண்ணினேன், என் கையால ஒருத்தருக்கும் ஒட்டுப் போட மாட்டேன்னு. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள்ளயே ஒருத்தி உக்காந்து ஒன்பது மாசமா ஒட்டுப் போட்டிருக்கா. அதுவும் கிழிஞ்சதுக்குப் போட்டா தேவலை. கிழியாத துணியை வெட்டி வெட்டி ஒட்டுப் போட்டிருக்கா. எனக்கு அருவருப்பா இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்க.

அந்தத் துணி எங்க இருந்து வந்துச்சுன்னுதான கேக்கப் போறீங்க. வாரேன்.

ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மீட்டர் கொண்டு வாங்கன்னு நான் சொல்லுவேன். கொண்டு வருவாவ. மத்தவனா இருந்தா மடிச்சான், வெட்டினான், முடிஞ்சுது. நான் அப்படி இல்ல. துணியை விரிச்சு அஞ்சு நிமிசம் பாத்துக்கிட்டே நிப்பேன். முதுகை இங்கன, முன்பக்கத்தைத் திருப்பி அங்கன, கையைக் குறுக்கால. சாக்குக்கட்டியால கோடு போடுததுக்கு முன்னாலயே மனசுல வெட்டி முடிச்சிருப்பேன். எப்படி வெட்டினாலும் என் கத்திரிக்கு ஒரு சாணாவது மிச்சம் விழும். அதான் தொழில். மிச்சம் புடிக்கத் தெரியாதவனுக்குக் கத்திரி எதுக்கு? அந்த மிச்சத்தைக் கலர் கலரா மடிச்சுக் கோணிச்சாக்குல போட்டு வெட்டு மேசைக்கு அடியில வச்சிருப்பேன். பதினோரு சாக்கு. ஒரு துண்டை நான் வித்திருப்பேனா? சொந்தக் காரியத்துக்கு எடுத்திருப்பேனா? கேட்டுப் பாருங்க. வித்தாத்தான அண்ணாச்சி திருட்டு? வச்சிருந்தா அது பத்திரம்.

கையைக் கொஞ்சம் இறக்கி வையுங்க நயினாருன்னு பொம்பளைங்க கேப்பாவ. துணி பத்தாதும்மா, குட்டைக் கைதான் இப்ப ஃபேஷன்னு சொல்லுவேன். நான் சொன்னதுக்கப்புறம் அது ஃபேஷன்தான். முப்பது வருசமா ஆலங்குளம் சுத்துவட்டாரமே குட்டைக் கை போட்டுச்சு. யாரால? என்னால. ஒருத்தி முகம் கோணலை. எல்லாம் நல்லபடியாப் போயிட்டுத்தான் இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரி பேரு ஆவுடை. கல்யாணம் ஆன மறுமாசத்துல இருந்து கடையிலதான் இருக்கா. ஊக்கு வைப்பா, காஜா எடுப்பா, ஓரம் அடிப்பா. வாய் பேச மாட்டா. அது ஒரு குணம், அதைக் குறை சொல்ல மாட்டேன். வலது கையில தோளுக்குக் கீழ ஒரு தீக்காயத் தழும்பு உண்டு, சின்னதுல எண்ணெய் கொட்டினது. அதை மறைக்கணும்னு முந்தானையை எப்பப் பாத்தாலும் வலது தோளோட சுத்தி இழுத்துப் போத்திக்கிடுவா. கடையில நாலு பேர் வாராவ, போறாவ, இவ குளிரு காய்ச்சல்காரி மாதிரிப் போத்திட்டு உக்காந்திருப்பா. ஒரு லேடீஸ் டெய்லர் பொண்டாட்டி இருக்க லெச்சணமா அது? எனக்குப் பாக்கச் சகிக்காது. ஏசுவேன். அவ இன்னும் கொஞ்சம் இழுத்துப் போத்திக்கிடுவா.

போன வருசம் உரக்கடையில ஒரு காலண்டர் குடுத்தான். மாசத்துக்கு ஒரு வெளிநாட்டுப் படம். அக்டோபர்ல ஒரு காடு போட்டிருந்துச்சு. மரம்லாம் பழுத்துப் போயி, அரக்கும் மஞ்சளும் செங்கல்லுமா, தரை தெரியாம இலை விழுந்து கெடக்கு. இவ ஊக்கு வச்சுக்கிட்டே அதைப் பாப்பா. ஐப்பசி போயி, கார்த்திகையும் வந்துட்டு, நம்ம கடைச் சுவத்துல மட்டும் அக்டோபர் மாறவே இல்ல. கிழிக்க விட மாட்டேங்கா. தேதி பாக்க வந்தவள்லாம் குழம்பிப் போயி, துணி வாங்க வேண்டிய அன்னைக்கு வராம வேற அன்னைக்கு வந்து நின்னாளுவ.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு வாரேன், மேசைக்கு அடியில இருந்து சாக்கை எல்லாம் இழுத்துப் போட்டு நடுவுல உக்காந்திருக்கா. அரக்கு, கடுகு மஞ்சள், காவி, பழுத்த வேப்பிலை நிறம், இதை மட்டும் தனியாப் பெறக்கி வச்சிருக்கா. பச்சை, நீலம், ரோஸ் எதையும் தொடல. என்னட்டி இதுன்னு கேட்டேன். போர்வை தைக்கப் போறேன்னா. அந்தக் காலண்டரைக் கைகாட்டுதா. கோட்டி புடிச்சிருக்குன்னு நினைச்சேன். நம்ம ஊர்ல இலை உதிர்ந்தா வாரியலை எடுத்துப் பெருக்கித் தள்ளுவோம். அதை எவளாவது துணியில தச்சு மேல போத்திக்கிடுவாளா? ஆனா ஒண்ணு, அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லல. சாக்கு காலியாகட்டும்னு விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. வேற ஒரு தப்பும் நான் செய்யல.

ஒன்பது மாசம் அண்ணாச்சி. கடை வேலையை முடிச்சிட்டு, சாயந்தரம் ஒரு மணி நேரம், மத்தியானம் அரை மணி நேரம். சதுரமா வெட்டுதா, முக்கோணமா வெட்டுதா, இலை மாதிரி வெட்டுதா. எதால? என் கத்திரியால. பத்து இஞ்ச் வெட்டுக் கத்திரி, என் கையைத் தவிர வேற கை பட்டதில்ல அதுல. அடித்துணிக்கு என் பழைய வேட்டி நாலு போச்சு. வீடெல்லாம் நூலும் பிசிறும். சோத்துல ஒருநாள் அரக்கு நூல் கெடந்துச்சு. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். அவ அந்த நூலை எடுத்துத் தொடச்சுப் பெட்டியில வச்சுக்கிட்டா.

முடிஞ்சதும் மகளிர் குழுக்காரிங்க வந்து பாத்தாவ. பாத்துட்டு வாயப் பொளந்துட்டாவ. ஆவணி மாசம் கல்யாண மண்டபத்துல ஒரு கண்காட்சி வைக்கோம், அதுல தொங்கவிடணும்னாவ. ஒரு ஆபீசரம்மா வேற வந்து, இலையுதிர்காலத்து நிறம் அப்படியே வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போனாவ. எனக்கு அந்தக் கருமம் கொஞ்சமும் புடிக்கல, ஆனா என்ன செய்ய, நம்ம கடையில இருந்து போற சாமான். நம்ம பேர் இல்லாமப் போகலாமா? ஆளுக்கு ஆள் அவ பேரைச் சொல்லிட்டு இருந்தா கடைக்கு என்ன மதிப்பு? ஜாக்கெட் கழுத்துல வச்சுத் தைக்க லேபிள் இருக்குல்லா, நயினார் லேடீஸ் டெய்லர், ஆலங்குளம்னு. அதுல ஒண்ணை எடுத்து, நானே என் மெஷின்ல, போர்வை மூலையில வச்சு நல்லா அழுத்தித் தச்சேன். ரெட்டைத் தையல். யாரும் பிரிக்க முடியாது. இன்னைக்கும் இருக்கு, உள்ள.

மண்டபத்துல கயிறு கட்டிச் சினிமாத் திரை மாதிரி விரிச்சுத் தொங்கவிட்டிருந்தாவ. நான் ஒரு பத்தரை மணிக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுட்டு. அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டேன், கேட்டா நாலு வார்த்தை சொல்லணும்லா. முதல்ல பாக்கியத்தாய் டீச்சர் வந்தாவ. ரிட்டயர்டு. கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாத்தாவ. பைய விரலை வச்சு ஒரு அரக்குத் துண்டைத் தடவுனாவ.

"இது என் மூத்தவ வளைகாப்புக்கு எடுத்ததுல்லா நயினாரு. கை இறக்கத்துக்குத் துணி பத்தாதுன்னு சொன்னீங்களே?"

அரக்கு உலகத்துல எவ்வளவோ இருக்கு டீச்சர்னு சொன்னேன். சொல்லி வாய மூடல, பின்னால இருந்து இன்னொருத்தி, அந்தக் கடுகு மஞ்சள் என்னுதுங்கா. கூட வந்தவ, காவி அவ நாத்தனாருக்கு எடுத்ததுங்கா. முகத்தை மறந்துருவாளுவ, வாங்குன கடனை மறந்துருவாளுவ, ஜாக்கெட் பிட்டை மறக்க மாட்டாளுவ அண்ணாச்சி. முப்பது வருசத்துக்கு முன்னால எடுத்த துணி, இந்தத் தீப்பெட்டி அகலம் இருக்கு, அதைப் பாத்து, இது எந்தக் கடையில, எந்த விசேசத்துக்கு, யாரு கூடப் போயி எடுத்ததுன்னு சொல்லுதாளுவ. கால் மணி நேரத்துல மண்டபத்துல இருந்த அப்பளம், ஊறுகா, கூடை எல்லாத்தையும் விட்டுட்டு மொத்தக் கூட்டமும் இங்கன வந்துட்டு. ஒருத்தி மூலையில இருந்த லேபிளைக் கண்டுபுடிச்சுச் சத்தமா வாசிக்கா.

ஏசியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். நாலு வார்த்தை நானும் திருப்பிக் குடுத்திருப்பேன். சிரிக்காளுவ. அவளவ குட்டைக் கையை அவளவளே தூக்கிப் பாத்துக்கிட்டுச் சிரிக்காளுவ. சீ, அந்தச் சிரிப்பு இருக்கே, இன்னும் காதுல கேக்கு. மூஞ்சில சாணியைக் கரைச்சு ஊத்துன மாதிரி நிக்கேன். இவ என்ன செய்யுதான்னு திரும்பிப் பாத்தேன். கட்டுன பொண்டாட்டின்னா நாலு பேர் மத்தியில என்ன சொல்லணும்? இதெல்லாம் நான் கடையில வாங்குனதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, நாக்கு அழுகிருமா? பேசாத பொம்பள, அன்னைக்குப் பாத்துப் பேசுதா.

போர்வைக்கு நட்ட நடுவுல ஒரு பெரிய துண்டு இருக்கு. மத்ததெல்லாம் வெட்டினது, அது மட்டும் வெட்டாதது. பழுத்த வேப்பிலை நிறத்துல, ஓரத்துல ஒத்தை இழைச் சரிகை. அதை யாரும் என்னுதுன்னு சொல்லல. டீச்சர் கேட்டாவ, இது யாருதுன்னு. இவ பக்கத்துல போயி அதும்மேல கைய வச்சா.

"இது என்னுது டீச்சர். தலைதீபாவளிக்கு எங்க அப்பா எடுத்துக் குடுத்தாவ. தழும்பு தெரியாம முழங்கை வரைக்கும் கை வைங்கன்னு இவங்ககிட்டக் கேட்டேன். எனக்கும் துணி பத்தலைன்னுதான் சொன்னாவ."

அவ்வளவுதான் சொன்னா. கூட்டத்துல சிரிப்பு நின்னு போச்சு. அதுக்கு அந்தச் சிரிப்பே தேவலை.

நான் அந்தத் துணியைப் பாத்தேன். என் கண்ணு என் பேச்சைக் கேக்காது அண்ணாச்சி, துணியைப் பாத்தா அதுபாட்டுக்கு அளந்துரும். அன்னைக்கும் அளந்துட்டு. ரெண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் தாராளமா வந்திருக்கும். மடிச்சு அடிக்கக்கூட மிச்சம் இருந்திருக்கும். என்னத்துக்கு அதை எடுத்து வச்சேன்னு கேப்பீங்க. புதுசாக் கல்யாணம் ஆன நேரம். நம்ம தொழில் எப்பேர்ப்பட்டதுன்னு காட்டணும்னு ஒரு ஆசை. பாத்தியா, எவ்வளவு மிச்சம் புடிச்சிருக்கேன்னு காட்டணும்னுதான் எடுத்து வச்சேன். அப்புறம் காட்ட மறந்து போச்சு. சாக்குக்கு அடியில போயிட்டு. இது ஒரு குத்தமா? அவளுக்கு அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டா என்ன? இருபத்தெட்டு வருசம் முந்தானையைப் போத்திட்டு உக்காந்திருக்கதுக்கு, ஏங்க, நெசமாவே பத்தலையான்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்லா.

அந்தத் துண்டை எப்பக் கண்டுபுடிச்சா, மொத நாளே கண்டுபுடிச்சுட்டு அதைச் சுத்தித்தான் மத்ததெல்லாம் தச்சாளா, நான் கேக்கல. கேக்கப் பயந்துக்கிட்டு இல்ல. கேக்கப் புடிக்கல.

போர்வையை ஜில்லாக் கண்காட்சிக்கு எடுத்துட்டாவ, கடைக்குத்தான் அதுக்கப்புறம் ஒருத்தி வரல. எதுத்தாப்புல எஸ்தர்னு ஒரு பிள்ளை ஆறு மாசம் முன்னால கடை போட்டிருக்கு. அந்தக் கடைதான் நிரம்பி வழியுது. நான் மெஷினைத் தொடச்சுட்டு, எண்ணெய் போட்டுட்டு உக்காந்திருக்கேன். இவ வருவா, ஊக்குப் பெட்டியைத் தொறப்பா, மூடுவா. கோவமாப் பேசினாக்கூட ஒரு வழி உண்டு. சோறு போடுதா, வெந்நி வைக்கா, எல்லாம் சரியாச் செய்யுதா. முகத்தை மட்டும் பாக்க மாட்டேங்கா.

சரி, வீட்டு விவகாரம், நாமதான் எறங்கிப் போகணும்னு, போன வாரம் தென்காசிக்கே போயி, அதே பழுத்த வேப்பிலை நிறத்துல, சரிகை ஓரம் வச்சு, துணி எடுத்துட்டு வந்தேன். ஒண்ணரை மீட்டர். யாருக்கும் ஒண்ணரை மீட்டர் எடுக்கச் சொன்னதில்ல நான். கொண்டாந்து அவ முன்னால வச்சேன். அளவு ஜாக்கெட் ஒண்ணு குடு, கை இறக்கி வச்சு நானே தைக்கேன், ஊக்கும் நானே வைக்கேன்னேன். இதுக்கு மேல ஒரு ஆம்பள எப்படி அண்ணாச்சி கேக்கது?

அவ என்ன செஞ்சா தெரியுமா? டேப்பை எடுத்தா. என் முன்னாலயே துணியை விரிச்சு அளந்தா. மடிச்சா. கக்கத்துல வச்சுக்கிட்டுத் தெருவைத் தாண்டி நேரா எஸ்தர் கடைக்குப் போயிட்டா. லேடீஸ் டெய்லர் பொண்டாட்டி. பட்டப் பகல்ல. மார்க்கெட்டே வேடிக்கை பாக்கு.

இன்னைக்குக் காலம்பற அதைத்தான் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. முழங்கை வரைக்கும் கை. மூட்டையை ரெண்டு கையாலயும் தூக்கி அவளே உள்ள ஏத்துனா. முந்தானை சரிஞ்சு கெடக்கு, இழுத்துப் போத்தல. எனக்கு அந்த ஜாக்கெட்டைப் பாக்கத்தான் சகிக்கல. தோள்பட்டையில சுருக்கம் விழுது அண்ணாச்சி. கையை ஏத்தின லெச்சணம் அப்படி. நான் தச்சிருந்தா ஒரு சுருக்கம் வந்திருக்குமா? கண்ணாடி மாதிரி இருந்திருக்கும்.

பேட்டை வந்துட்டு போல. நான் டவுன்ல இறங்கணும். தூக்கும்போது ஒரு கை புடிச்சு விடுங்க. ஐயோ, அந்த மஞ்ச முடிச்சைப் புடிச்சுத் தூக்காதீங்க. அடியில குடுத்துத் தூக்குங்க.

அந்த மஞ்சத் துணி என்னன்னுதான பாக்கீங்க. எஸ்தர் தச்சது போக விழுந்த மிச்சம். அந்தப் பிள்ளை அதை மடிச்சு, ஜாக்கெட்டோட சேத்து இவகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு. எந்த டெய்லராவது மிச்சத்தைத் திருப்பிக் குடுப்பானா? தொழில் தெரியாத பிள்ளை. இவ அதை வாங்கிட்டு வந்து, மூட்டை வாயில கட்டுததுக்கு முன்னால டேப்பு வச்சு அளந்தா. என் முகத்தை நேராப் பாத்துச் சொல்லுதா, இத்தனை நாளைக்கப்புறம் அப்பத்தான் பாக்கா.

"முப்பத்திரண்டு இஞ்ச் இருக்கு. திரும்பி வரும்போதும் இருக்கணும்."